ராணி விழவில்லை, அதனால் நாங்கள் பிழையா?

பன்விலவில் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை லயத்து இஸ்தோப்பில் நாலு பேர் உட்கார்ந்து ஓமி விளையாடிக்கொண்டிருந்தோம். காசு வைக்கவில்லை, கணக்குக்குப் புளியங்கொட்டைதான். அந்த வழியாகப் போன மாமா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கெம்பஸ் போன புள்ளைங்க செய்ற வேலையா இது? சூதாடிச் சூதாடியே நாசமாப் போங்க" என்றார். அவர் சட்டைப்பையில் இரண்டு லொத்தர் டிக்கெட் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

மாமாவைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு மேலே போவோம். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரிசையாகப் பொருந்தினால்தான் பெரிய பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு 26 வழி, ஆறு இலக்கத்துக்குப் பத்து லட்சம் வழி. பெருக்கினால் இரண்டு கோடியே அறுபது லட்சத்தில் ஒன்று. டிக்கெட்டை வாங்கிய பிறகு மாமா செய்வதற்கு எதுவுமே இல்லை. எண்ண, யோசிக்க, தெரிவு செய்ய அதில் இடமில்லை. அது சூது இல்லையாம். எட்டுக் காட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விழுந்த ஒவ்வொரு காட்டையும் ஞாபகம் வைத்து, எதிரே இருக்கிற கூட்டாளி எதற்காக அதைப் போட்டான் என்று யோசித்து ஆடுவது சூதாம்!

இந்தப் பேச்சை நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம். ஆனால் எங்கள் சண்டை மாமாவோடு மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய சண்டை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற எங்களோடே இருக்கிறது.

ஓமியில் 32 காட். ஏழிலிருந்து ஆஸ் வரை. முதலில் ஆளுக்கு நாலு காட் போடுவார்கள். அந்த நாலை மட்டும் பார்த்துத் துரும்பு எதுவென்று ஒருவர் சொல்லவேண்டும், பிறகுதான் மிச்ச நாலு வரும். எங்கள் பக்கம் பெரும்பாலானவர்கள் பெரிய காட் எதில் இருக்கிறதோ அதையே துரும்பாகச் சொல்லிவிடுவார்கள். "இஸ்கோப்ப ஆஸும் ராஜாவும் இருக்கு, வேற என்ன வேணும்?" கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கையில் இஸ்கோப்ப இரண்டு, கலாபர ஒன்று, ருவித ஒன்று என்றால், நீங்கள் பார்க்காத 28 காட்டில் இஸ்கோப்ப ஆறு இருக்கிறது. உங்களுக்கு வரப்போகிற நாலில் ஒன்றாவது இஸ்கோப்பவாக இருக்க 64 வீத வாய்ப்பு. ஆனால் துரும்பு நாலாகச் சேர இரண்டு வரவேண்டும், அதற்கு வாய்ப்பு 19 வீதம்தான். ஆரம்பத்திலேயே ஒரே இனத்தில் மூன்று இருந்தால், சின்னக் காட்டாக இருந்தாலும், நாலாகச் சேர 57 வீதம். எது நல்லது என்பது கையைப் பொறுத்தது. ஆஸும் ராஜாவும் சும்மா இல்லை. ஆனால் 19க்கும் 57க்கும் உள்ள தூரம் தெரியாமல் துரும்பு சொல்கிறவன் தைரியசாலி இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவன்.

இஸ்கோப்ப, கலாபர, ஹாரத, ருவித: சிங்களத்தில் வழங்கும் இந்தப் பெயர்கள் டச்சுக்காரர் விட்டுப்போனவை. யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஆடுகிற 304இன் பெயரே ஒரு கூட்டல் கணக்கு. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. சேர்த்தால் 76. நாலு இனத்துக்கு 304. எண்கள் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் எப்போதும் இருந்திருக்கின்றன. "கணக்கு நமக்கு வராது" என்று யாரோ சொல்லித்தந்த பிறகுதான் அவற்றைப் பார்க்காமல் விட்டோம். எங்களில் பாதிப்பேர் கலைப் பிரிவுக்கு வந்தது விருப்பத்தால் இல்லை. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு வேறு பிரிவே இருக்கவில்லை.

பேராதனைக்கு வந்த பிறகுதான் பிரிட்ஜ் எங்கள் கைக்கு வந்தது. ஓமியின் பணக்கார அண்ணன் என்று சொல்லலாம். 52 காட், ஆளுக்கு 13, இரண்டு இரண்டு பேராகக் கூட்டு, எத்தனை பிடி எடுப்போம் என்று முதலிலேயே ஒப்பந்தம். பெரிய வித்தியாசம் என்னவென்றால், ஒப்பந்தம் எடுத்தவரின் கூட்டாளி தன் 13 காட்டையும் மேசையில் திறந்து வைத்துவிடுவார். அதாவது 26 காட் கண்ணுக்குத் தெரியும், 26 தெரியாது. எங்கள் பாட்டன்மார் கொழுந்துக் கூடை சுமந்த காலத்தில் துரைமாரின் கிளப்புகளில் ஆடிய ஆட்டம். அதனால் அது அவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று ஆகிவிடாது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜும் இருந்தது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் எடுத்தவர்கள் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். பர்தனுக்கு அப்போது 60 வயது. மாமா கவனிக்க.

இப்போது எங்கள் சண்டைக்குக் காரணமான கைக்கு வருகிறோம். மேசையில் திறந்து கிடந்த கையில் இஸ்கோப்ப ஆஸ், ராஜா, ஜாக், பத்து, நாலு. எங்கள் கையில் நாலு சின்ன இஸ்கோப்ப. மொத்தம் ஒன்பது. எதிராளிகளிடம் நாலு, அதில் ராணியும் ஒன்று. ராணியைப் பிடித்தால் ஆட்டம் எங்களுடையது.

ஒரு சின்னக் காட்டைப் போட்டு ஆஸால் எடுத்தோம். இரண்டு எதிராளிகளும் சின்னது போட்டார்கள். திரும்ப எங்கள் கையிலிருந்து ஒரு சின்னது. இடப்பக்கத்து ஆள் இன்னொரு சின்னது போட்டார். இனி வெளியே இருப்பது ராணி ஒன்றுதான். அது இடப்பக்கத்து ஆளிடம் மூன்றாவது காட்டாக இருந்தால், ஜாக்கை வைத்துத் தப்பிக்கலாம். இதைப் பினெஸ் என்பார்கள். வலப்பக்கத்து ஆளிடம் தனியாக நின்றால் ராஜாவை அடித்தால் விழும். நாங்கள் ராஜாவை அடித்தோம். ராணி விழவில்லை. ஆட்டம் போனது.

கூட்டாளி குதித்தான். "ஜாக்கை வச்சிருந்தா வந்திருக்குமேடா! நாலு காட் வெளிய இருந்தா மூணுக்கு ஒண்ணாத்தான் அதிகமாப் பிரியும்னு உனக்குத் தெரியாதா?" சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். தோற்றுவிட்டோம், ஆகவே பிழை. முடிந்தது தீர்ப்பு.

முடியவில்லை. அவன் சொன்ன எண் சரி, அதிலிருந்து எடுத்த முடிவு பிழை. நாலு காட் வெளியே இருக்கும்போது மூன்றுக்கு ஒன்றாகப் பிரிய 49.7 வீதம், இரண்டுக்கு இரண்டாகப் பிரிய 40.7 வீதம், நாலும் ஒரே கையில் இருக்க 9.6 வீதம். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்பது ஒரு பிரிவு இல்லை. எந்தக் காட் தனியாக நிற்கிறது, எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால் எட்டு விதம். இரண்டுக்கு இரண்டில் ஆறு விதம்தான். ஒவ்வொரு விதத்துக்கும் பங்கு போட்டால் மூன்றுக்கு ஒன்றில் ஒரு விதத்துக்கு 6.2 வீதம், இரண்டுக்கு இரண்டில் ஒரு விதத்துக்கு 6.8 வீதம். நாங்கள் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் மிச்சம் நின்றது ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விதம். மற்ற எல்லாம் விழுந்த காட்டோடு செத்துப்போயின.

இன்னும் லேசாகச் சொல்லலாம். இடப்பக்கத்து ஆள் இரண்டு இஸ்கோப்ப காட்டிவிட்டார். அவர் கையில் நமக்குத் தெரியாத இடம் 11. வலப்பக்கத்து ஆள் ஒன்றுதான் காட்டினார், அவரிடம் தெரியாத இடம் 12. ராணி இந்த 23 இடங்களில் ஒன்றில் இருக்கிறாள். வலப்பக்கம் இருக்க 23இல் 12. அதாவது 52 வீதம். நாங்கள் செய்தது சரி. அன்றைக்கு அந்த 48 வந்தது, அவ்வளவுதான்.

"நாலு வீத வித்தியாசத்துக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்கலாம். ஆமாம், இதற்குத்தான். ஒரு கையில் இந்த நாலு வீதம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் முடிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் எப்போதும் வெல்வது போலத் தோன்றுகிறது. பிழையாக ஆடி வென்றவன் ஹீரோ, சரியாக ஆடித் தோற்றவன் மக்கு. அந்த இடத்தில் மூளையை வைத்து விளையாட்டைப் பார்க்கிற பழக்கமே செத்துவிடுகிறது. பிறகு மாமா சொன்ன சூதுதான் மிஞ்சும். ஆட்டத்தைச் சூதாக்குவது பந்தயக் காசு மட்டும் இல்லை, இந்தத் தீர்ப்பும்தான்.

சரி, அப்படியானால் வீதத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டால் போதுமா? போதாது. பிரிட்ஜ்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ராணி இல்லாமல் எட்டுக் காட் இருந்தால் பினெஸ் எடு, ஒன்பது இருந்தால் எடுக்காதே. டியூஷன் வகுப்புக்கு ஏற்ற சரக்கு. காரணம் கேட்காதே, எழுது, பாஸ் பண்ணு. ஆனால் அதே கையில் ஹாரத எப்படிப் பிரிந்தது என்பது முன்பே தெரிந்திருந்தது, வலப்பக்கத்து ஆளிடம் ஏழு, இடப்பக்கத்து ஆளிடம் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வலப்பக்கம் தெரியாத இடம் 13இல் எட்டைக் கழித்து 5. இடப்பக்கம் நாலைக் கழித்து 9. ராணி இடப்பக்கம் இருக்க 14இல் 9, அதாவது 64 வீதம். வாய்ப்பாடு "எடுக்காதே" என்கிறது, மேசை "எடு" என்கிறது. ஏழு ஹாரதவும் இடப்பக்கம் இருந்திருந்தால் கணக்கு 10க்கு 4 ஆகி, ராஜாவை அடிப்பது 71 வீதம் ஆகியிருக்கும். ஒரே ஒன்பது காட், ஒரே ராணி. மாறியது எங்களுக்குத் தெரிந்த விஷயம் மட்டும்.

வீதம் என்பது காட்டில் எழுதியிருக்கிற ஒன்று இல்லை. நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதன் அளவு அது. இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு காட் கட்டுத் தேவைப்பட்டது. இனி அந்தக் கட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம்.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, கண்டி இல்லை. ஏன் இருக்கும்? கண்டி என்றால் டவுனில் இருக்கிற பெரிய பெரிய பாடசாலைகள், ஆய்வுகூடம், பேர்போன டியூஷன் வகுப்பு. அதே கண்டி மாவட்டத்தில்தான் பன்விலவும் இருக்கிறது. மடுல்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து மழையில் இறங்கி, வத்தேகம பஸ்ஸைப் பிடித்து ஒரு வகுப்புக்குப் போய்வந்தால் நாளே முடிந்துபோகிற பிள்ளையும், டவுன் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில்.

எங்களுக்கு இதில் தெரிவது அந்த ஒன்பது காட் வாய்ப்பாடுதான். மாவட்ட சராசரி என்பது காட்டைத் திறந்து பார்க்காதவனுடைய வீதம். பார்க்க முடியாத நேரத்தில் அதை வைத்துத்தான் ஆடவேண்டும், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஹாரத ஏழு காட் கண் முன்னாலேயே விழுந்து கிடக்கும்போதும் "ஒன்பதுக்கு எடுக்காதே" என்று சொல்லிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை, சோம்பேறித்தனம். எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு இல்லை என்பது இரகசியமா? எண்ணப்படாத காட்டா அது?

அடுத்தது எங்கள் சொந்த ஆட்கள் செய்கிற அநியாயம். வருடா வருடம் பாராட்டு விழா. மாலை போட்டு எங்களை மேடையில் நிறுத்தி, "பாருங்க, இந்தப் புள்ளைங்களும் தோட்டத்துலதான் பொறந்துச்சு. மனசு வச்சா முடியும்!" என்று கீழே இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். எங்களுக்கு உடம்பு கூசும். ஒருமுறை பினெஸ் வந்துவிட்டது என்பதைக் காட்டி, அந்த பினெஸ் எப்போதும் வரும் என்று சொல்கிற பேச்சு அது. நாங்கள் படித்தோம், பொய் இல்லை. ஆனால் எங்களோடு அதே குப்பி விளக்கிலும் அதே பழைய வினாத்தாளிலும் படித்தவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு ராணி விழுந்தது. அவர்களுக்கு விழவில்லை.

அவர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்லவேண்டும், பெயர் வேண்டாம். உயர்தரம் இரண்டு முறை எழுதினான், கொஞ்சத்தில் தவறியது. மூன்று முறை எழுதலாம் என்பதால் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. அந்த வருடம் அவன் அப்பாவுக்கு முடியாமல் போனது. அம்மாவின் நாட்சம்பளம் மட்டும்தான் வீடு. தங்கச்சி பத்தாம் வகுப்பு. அவன் மூன்றாம் முறை எழுதாமல் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு வேலைக்குப் போனான். லயம் முழுக்கச் சொன்னது ஒரே பேச்சு: "பயந்துட்டான். இன்னொரு தரம் எழுதியிருந்தா கிடைச்சிருக்கும்."

பிரிட்ஜில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் கையில் ராஜா, ஒன்பது, மூன்று சின்னது. திறந்த கையில் ஆஸ், ஜாக், இரண்டு சின்னது. வெளியே ராணி, பத்து, இரண்டு சின்னது. ஐந்து பிடியும் வேண்டுமென்றால் ராஜாவையும் ஆஸையும் அடித்து ராணி விழும் என்று பார்க்கவேண்டும். சுமார் 53 வீதம். ஆனால் உங்கள் ஒப்பந்தத்துக்கு நாலு பிடி போதும் என்றால் அப்படி ஆடுவது பிழை. திறந்த கையிலிருந்து ஒரு சின்னதைப் போட்டு, வலப்பக்கத்து ஆளும் சின்னது போட்டால் ஒன்பதை வையுங்கள். இடப்பக்கத்து ஆள் அதை எடுத்தால் எடுக்கட்டும், மிச்சம் வெளியே இரண்டுதான், ராஜாவும் ஆஸும் அவற்றைத் துடைத்துவிடும். எடுக்க அவரிடம் காட்டே இல்லையென்றால் ஒன்பதே பிடி. முதலில் வலப்பக்கத்து ஆளிடம் இஸ்கோப்ப இல்லையென்று தெரிந்தால் ராஜாவால் எடுத்து, அடுத்ததை ஆஸ்-ஜாக் பக்கம் ஆடுங்கள். நாலும் எந்தக் கையில் இருந்தாலும் இரண்டு பிடி போகாது. இது நூற்றுக்கு நூறு. ஒரு பிடியை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறீர்கள்.

அவன் செய்தது இதுதான். அவனுடைய ஒப்பந்தம் பட்டம் இல்லை. அந்த வருடம் வீடு சாப்பிடவேண்டும், தங்கச்சி படிக்கவேண்டும். அதற்கு மேலே ஒரு பிடி எடுக்கப் போய் இரண்டை இழக்க அவனால் முடியாது. டவுனில் இருக்கிற பிள்ளை தோற்றால் இன்னொரு டியூஷன், இல்லாவிட்டால் காசு கட்டிப் படிக்கிற கெம்பஸ். அந்தப் பிள்ளைக்கு 53 வீதத்துக்குத் துணிவது சுலபம். தோல்வியைத் தாங்க வீடு இருக்கிறவனுடைய துணிச்சலைப் பார்த்து, தாங்க வீடு இல்லாதவனைக் கோழை என்று சொல்லாதீர்கள்.

"அப்படியென்றால் எல்லாம் விதி, யாரையும் குறை சொல்ல முடியாது என்கிறீர்களா?" இல்லவே இல்லை. எண்ணியிருக்க முடிந்தும் எண்ணாமல் ஆடினால் அது நம்முடைய பிழை, வென்றாலும் பிழைதான். எங்களில் எத்தனை பேர் அப்படி எண்ணாமல் பாடத்தைத் தெரிவு செய்திருக்கிறோம், அந்தக் குற்றத்தை நாங்களே ஏற்கிறோம். ஆனால் சரியாக எண்ணித் தோற்றவனை விட்டுவிடுங்கள். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இப்படியொரு ஒப்பந்தத்தை அந்தப் பையன் கையில் கொடுத்தது யார்? ஒரு பிள்ளையின் படிப்பும் ஒரு வீட்டின் அரிசியும் ஒரே மேசையில் போட்டியிட வேண்டிய நிலைமையைக் காட் போடுகிறவர் யாரும் போடவில்லை. அது சம்பளத்தைத் தீர்மானிக்கிற இடத்திலும், எந்தப் பாடசாலைக்கு எந்த ஆசிரியர் என்று தீர்மானிக்கிற இடத்திலும் போடப்பட்டது. வாய்ப்புக் கணக்குப் படித்தவன் விதியே என்று உட்காரமாட்டான். 19 எப்படி 57 ஆகும் என்று கேட்பான்.

பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதம் எழுதி இந்தக் கணக்கைத் தொடங்கியதே, பாதியில் நின்ற ஒரு பந்தய ஆட்டத்தில் காசை எப்படி நியாயமாகப் பங்கு போடுவது என்ற கேள்வியில்தான். எமில் போரெல் என்ற பெரிய கணித மேதை 1940இல் பிரிட்ஜின் வாய்ப்புக் கணக்கைப் பற்றி ஷெரோனோடு சேர்ந்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர்களுக்கு வெட்கமில்லை. எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் மட்டும் காட் கட்டைக் கண்டால் கழகத்துத் தலைவருக்கு வெட்கம் வருகிறது.

அதனால் எங்கள் பக்கத்தில் இருந்து மூன்று விஷயம். காசு மேசைக்கு வரக்கூடாது, அதில் மாமாவோடு நாங்கள் ஒரே கட்சி. வாசிகசாலையில் கரம் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு காட் கட்டையும், எண்ணி எழுத ஒரு கொப்பியையும் வையுங்கள். ஓ.எல். பிள்ளைகளுக்கு நிகழ்தகவுப் பாடத்தை நாங்கள் ஓமியிலேயே சொல்லித்தருகிறோம், காசு வேண்டாம். மூன்றாவது, யாராவது தோற்று வந்தால், காட்டிலோ பரீட்சையிலோ, "ஏன் தோத்த?" என்று கேட்காமல் "அந்த நேரத்துல உனக்கு என்னென்ன தெரிஞ்சிருந்துச்சு?" என்று கேளுங்கள். வென்று வந்தவர்களிடமும் அதையே கேளுங்கள். எங்களிடமும்.

கடையில் வேலை செய்கிற நண்பனுக்குப் போயா நாளில்தான் லீவு. அடுத்த போயாவுக்கு அவனும் இஸ்தோப்புக்கு வருகிறான். எங்கள் எல்லாரையும்விட நன்றாக எண்ணுவான். மாமாவுக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறோம், லொத்தர் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.